மூன்றாவது அயிட்டம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் ஸ்டீவனுக்கு, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கான ‘மைக்ரான்’ என்று பட்டப்பெயர். பத்தொன்பது வயதில் ஹெல்ப்பராக உள்ளே போனவன். இரும்புச் சீவலைக் கூட்டிப் பெருக்கி, லேத்துக்கு எண்ணெய் விட்டு, சூப்பர்வைசர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, நாற்பத்தொரு வயதில் தர ஆய்வாளர் ஆனான். அன்றைக்குச் சட்டைப் பையில் ஏறிய வெர்னியர் காலிப்பர் இன்னும் இறங்கவில்லை. பூசைக்குப் போகும்போதுகூடப் பையில் அது இருக்கும். கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்க்க மாட்டான், பந்தல்கால் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பான். டீக்கடையில் கிளாஸ் அரை விரற்கடை குறைந்தால் கடைக்காரருக்குப் பாடம் எடுப்பான். ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கழனிப் பானையில் விழுமாம் துள்ளி என்பார்கள். தான் துள்ளி விழுந்த கதையை ஸ்டீவனே கேண்டீனில் உட்கார்ந்து, தட்டில் சோறு ஆறிப்போகும்வரை சொல்லுவான். கேட்கிறவர்களைவிட அவனே அதிகம் சிரிப்பான். ஒரு இடம் வந்ததும் கை கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விடுவான். இங்கே சொல்லப்போவது அவன் கை கழுவப் போன பிறகு வருகிற பகுதியையும் சேர்த்து.

கவரைப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி மேற்கே ஷேர் ஆட்டோவில் பத்து நிமிஷம் போனால் அவனுடைய காலனி. அப்பா ஜெயராஜ் அடுத்தவர் கழனியில் கூலி வேலை செய்தவர். கழனியெல்லாம் கம்பெனி ஆனபோது, தான் நாற்று நட்ட அதே மண்ணுக்கு வாட்ச்மேன் ஆனார். அந்தச் சம்பளத்தில் இரண்டு சென்ட் மனையில் தளம் போட்ட வீடு ஒன்றைக் கட்டினார். தெற்கே ஒரு ரூம், வடக்கே ஒரு ரூம், நடுவில் மாடிப்படி, மாடியில் சிமெண்ட் ஷீட் போட்ட ஒரு ரூம், பின்னால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பாத்ரூமும் போர் தண்ணீரும். உயில் எழுதவில்லை. எழுதச் சொல்லியிருந்தால், ‘இன்னாடா, பெரிய ஜமீனா’ என்று கேட்டிருப்பார். அவரும் போய், 2017இல் அம்மா முத்தம்மாவும் போனபோது, வீடு ஸ்டீவனுக்கும் அவன் தங்கை ஏஞ்சலினுக்கும் ஆளுக்குப் பாதி என்று ஆயிற்று.

ஏஞ்சலின் புருஷன் செத்த பிறகு அம்மா வீட்டுக்கே திரும்பி வந்தவள். பிள்ளை இல்லை. மசாலா பாக்கெட் போடும் கம்பெனியில் வேலை. அவள் வடக்கு ரூமிலும், ஸ்டீவனும் மனைவி பிரின்சியும் தெற்கு ரூமிலும் இருந்தார்கள். அம்மா செத்து வருஷப் பூசை முடிந்த அன்றிலிருந்து ஏஞ்சலின் அண்ணனிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். சண்டை போடவில்லை, சாபம் விடவில்லை, பேச்சை மட்டும் நிறுத்தினாள். மூன்றடி தூரத்தில் அவன் நின்றாலும், “அண்ணி, மோட்டார நிறுத்தச் சொல்லுங்க, தொட்டி ரொம்பிடுச்சு” என்று பிரின்சியிடம்தான் சொல்லுவாள். பிரின்சி அதைத் திருப்பிச் சொல்லுவாள். ஒரே வாசலில் மூன்று பேரும் நின்றுகொண்டு ஒரு செய்தி இரண்டு தடவை சொல்லப்படும்.

ஏன் பேசவில்லை என்று ஸ்டீவன் யோசித்தான். பாத்ரூமை அதிக நேரம் எடுத்துக்கொள்கிறோமோ என்று ஒரு மாதம் வெளியே குளித்துப் பார்த்தான். பிரயோஜனமில்லை. கடைசியில் கம்பெனி சிநேகிதன் அன்புசெல்வன்தான் ஞானோதயம் தந்தான்.

“பேசாத இருக்கறாங்கன்னா பிளான் போட்டுக்கினு கீறாங்கன்னு அர்த்தம் மச்சான். நாளைக்கே வூட்டு மேல கேஸு போடுவாங்க பாரு. நீ முந்திக்கோ.”

அன்புசெல்வன் வாழ்நாளில் கோர்ட் வாசலை மிதித்ததில்லை. அதனால்தான் அவ்வளவு தெளிவாகச் சொன்னான் என்று ஸ்டீவன் இப்போது சொல்லிச் சிரிப்பான். அப்போது சிரிக்கவில்லை. தெற்குப் பக்கமும் மாடிப்படியும் தன் பேருக்கு வந்துவிட வேண்டும், யாரும் எழுந்து போ என்று சொல்ல முடியாத ஒரு கூரை வேண்டும், அதுதான் அவனுடைய ஒரே கவலை. மகளை மீஞ்சூரில் கட்டிக் கொடுத்தாயிற்று, இனிமேல் புதிதாக மனை வாங்கி வீடு கட்டும் வயசும் இல்லை, வழியும் இல்லை.

சுப்பராயன் வக்கீல் கேட்டுக்கொண்டார். பாகப்பிரிவினை வழக்கு அவருக்குத் தினமும் குடிக்கிற டீ.

“பொதுச் சொத்து எல்லாத்தையும் ஊசி நூலு வுடாத எழுதிக்கினு வாங்க ஸ்டீவன். ஒண்ணு விட்டுப்போனாலும் எதிர் வக்கீல் புடிச்சிக்குவாரு. கொஞ்சத்துக்கு மட்டும் பாகம் கேட்டா கேஸே நிக்காது.”

இதைப் போய் மைக்ரானிடம் சொன்னார். கம்பெனியில் ஆய்வுப் படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் ஆடிட்டர் வந்து உயிரை எடுப்பார். வருஷக்கணக்காகக் கட்டம் நிரப்பியே தேய்ந்த கை அவனுடையது. அன்று மாலையே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டான். வரிசை எண், சொத்து, அளவு, நான்கெல்லை, அனுபவத்தில் இருப்பவர், குறிப்பு. முதல் அயிட்டம் வீடு. இரண்டாவது அயிட்டம் போரும் மோட்டாரும். வேறென்ன பொதுவில் இருக்கிறது என்று பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தான். அம்மாவின் கல்லறை ஞாபகம் வந்தது.

சிமெண்ட் அவன் வாங்கிப் போட்டது. செங்கல்லும் மணலும் ஏஞ்சலின் வாங்கிப் போட்டது. அப்படியானால் இரண்டு பேருக்கும் பொது. விட்டால் கேஸ் நிற்காது என்று வக்கீலே சொல்லியிருக்கிறார். ஸ்டீவன் டேப்பை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கே போய் அளந்து வந்தான். மூன்றாவது அயிட்டம்: சிமெண்டுக் கட்டுமானம். நீளம் ஏழடி இரண்டு அங்குலம், அகலம் மூன்றடி ஒரு அங்குலம், சிலுவை தனி. நான்கெல்லைக்கும் ஆள் கிடைத்தார்கள்: கிழக்கே சூசையம்மாள், வடக்கே அருளானந்தம், தெற்கே வேப்பமரம், மேற்கே நடைபாதை. ‘அனுபவத்தில் இருப்பவர்’ என்ற கட்டத்தில் கொஞ்சம் தயங்கினான். காலியாக விட மனசு வரவில்லை. ‘முத்தம்மா’ என்று எழுதினான். குறிப்பு என்ற கட்டத்தில், ‘எனக்கும் என் தங்கை ஏஞ்சலினுக்கும் சமமாகப் பொது’ என்று எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டான். நான்காவதாக அம்மாவின் தையல் மிஷின். பட்டியல் முடிந்தது.

வக்கீலின் குமாஸ்தா அதை அப்படியே டைப் அடித்தார். வக்கீல் அன்றைக்கு வேறொரு கேஸ் அவசரத்தில் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் மட்டும் பார்த்தார். நடுப்பக்கத்தை யாரும் படிக்கவில்லை. ஸ்டீவன் படித்தான், படித்துப் பெருமைப்பட்டான். ஒரு கட்டம்கூடக் காலி இல்லை.

வழக்குப் போட்டவன் என்றால் ஒரு கெத்து இருக்கும், கோர்ட்டில் தான் ஒரு பக்கம், தங்கை ஒரு பக்கம் என்று நிற்போம் என்று அவன் நினைத்திருந்தான். பாகப்பிரிவினைக் கேஸில் அந்தக் கணக்கு கிடையாது என்று பிறகுதான் தெரிந்தது. ஏஞ்சலின் ஒரு நாள் லீவு போட்டு வந்தாள். அவளுடைய வக்கீல் ஒரு பதிலுரை கொடுத்தார். பட்டியலில் உள்ள நான்கு அயிட்டமும் பொதுச் சொத்துதான், எங்களுக்கு ஆட்சேபம் இல்லை, இதே வழக்கில் எனக்கும் என் பாதியைப் பிரித்துக் கொடுங்கள் என்று அதற்குரிய ஸ்டாம்பை ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அவ்வளவுதான் அவள் பட்ட பாடு. வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறியதும், லீவு போட்டு ஹெச்ஆரிடம் திட்டு வாங்கியதும், வராந்தாவில் பெயர் கூப்பிடும்வரை நின்று கால் வீங்கியதும் ஸ்டீவன். ஆனால் பங்கு இரண்டு பேருக்கும். சொந்தச் செலவில் சூனியம் என்பதற்கு அவன் தன்னையே உதாரணமாகச் சொல்லுவான். இரண்டு வருஷம் கழித்து, ஆளுக்குப் பாதி என்று முதல்நிலைத் தீர்ப்பு வந்தது. அவனுக்கு முதல் நாளே தெரிந்த விஷயம்தான் அது.

இனி கோர்ட் அனுப்பும் ஒரு அட்வகேட் கமிஷனர் நேரில் வந்து அளந்து, எப்படிப் பிரிக்கலாம் என்று ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். அதற்கு முந்தைய வாரம் சுப்பராயன் வக்கீல் சாதாரணமாகக் கேட்டார்.

“ஊடு அகலம் எவ்ளோ ஸ்டீவன்?”

“பதினேழடி எட்டு அங்குலம் சார்.”

“ரெண்டாப் பிரிச்சா?”

“எட்டடி பத்து அங்குலம் சார்.”

“நடுவுல செவுரு வரணும்ல? மாடிப்படி வேற நடுவுல நிக்குது.”

ஸ்டீவன் மனசுக்குள் படியின் அகலத்தைக் கழித்துப் பார்த்தான்.

“கமிஷனர் பிரிக்க முடியாதுன்னு எழுதிட்டாங்கன்னா ஏலம்தான். இல்லேன்னா ஒருத்தர் பாகத்த இன்னொருத்தர் வாங்கிக்கணும். உங்களால வாங்க முடியுமா?”

முடியாது என்று இருவருக்குமே தெரியும். வால்வில் தலைமுடி கனம் தப்பினாலும் கண்டுபிடிக்கிறவன், தன் வீட்டு அகலத்தை இரண்டால் வகுத்துப் பார்க்காமல் வழக்குப் போட்டிருக்கிறான். பஸ்ஸில் திரும்பி வரும்போது கண்டக்டர் இரண்டு தடவை டிக்கெட் கேட்டும் அவனுக்குக் காதில் விழவில்லை. ஏலம் போனால் தானும் பிரின்சியும் எங்கே போவது என்பதைத் தவிர வேறு எதுவும் மண்டையில் ஓடவில்லை.

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம், பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை கமிஷனர் வந்தார். ஹேமாவதி என்று பெயர், முப்பது வயது இருக்கும், ஸ்கூட்டியில் ஒரு ஃபைலும் துணி டேப்பும் எடுத்துக்கொண்டு வந்த வக்கீல். ஸ்டீவனுக்கு அந்தப் பயத்திலும் துணி டேப் பொறுக்கவில்லை.

“மேடம், அது இழுத்தா நீளும். என் ஸ்டீல் டேப்ப வெச்சிக்கோங்க. காலிப்ரேஷன் சர்டிபிகேட் கூட கீது.”

தன் வீட்டை ஏலம் விடுவதற்குத் தானே சரியான டேப் கொடுத்தவன் இந்தத் தாலுகாவில் நான் ஒருத்தன்தான் என்று கேண்டீனில் இந்த இடத்தில் மேஜையைத் தட்டிச் சிரிப்பான். டேப்பின் ஒரு முனையை ஸ்டீவன் பிடித்தான், மறுமுனையை ஏஞ்சலின் பிடித்தாள். வாசல், சுவர், படி என்று ஒவ்வொன்றாக ஹேமாவதி குறித்துக்கொண்டார். எல்லாம் முடிந்ததும் பேனாவை மூடினார்.

“சார், தப்பா நெனைக்காதீங்க. இத நேரா ரெண்டாப் பிரிச்சா ரெண்டு பேருக்குமே பிரயோஜனம் இல்ல. பிரிக்க முடியாதுன்னுதான் எழுத வேண்டி வரும்னு நெனைக்கறேன்.”

பிரின்சி ரூம் வாசலில் நின்று, புருஷனைப் பார்த்து, “நல்லா அளந்தீங்க” என்று மட்டும் சொன்னாள். ஹேமாவதி ஃபைலைப் புரட்டினார்.

“மூணாவது அயிட்டம் எங்க இருக்கு? சிமெண்ட் கட்டுமானம், ஏழுக்கு மூணு... பம்ப் ரூமா? அனுபவத்துல முத்தம்மான்னு போட்டிருக்கு. அவங்களக் கொஞ்சம் கூப்பிடுங்க, ஒரு கையெழுத்து வாங்கணும்.”

பிரின்சிதான் சொன்னாள்.

“அவங்க வர மாட்டாங்க மேடம்.”

“ஏன், ஒடம்பு சரியில்லையா?”

“செத்துப் பூட்டாங்க மேடம். அவங்க கல்லறைதான் அது.”

ஹேமாவதி ஸ்டீவனைப் பார்த்தார். ஸ்டீவன் டேப்பைப் பார்த்தான். வக்கீல் எல்லாவற்றையும் எழுதச் சொன்னதாக ஏதோ முணுமுணுத்தான். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்ததும், அதை விழுங்கியதும் எல்லோருக்கும் தெரிந்தது.

“தீர்ப்புல இருக்கு சார். நான் நேர்ல பார்க்காம ரிப்போர்ட் குடுக்க முடியாது. வாங்க, போலாம்.”

காலனியில் ரகசியம் ஒரு குழாயடி தாண்டுவதற்குள் ஊர்ப் பேச்சாகிவிடும். அவர்கள் தெருமுனைக்குப் போவதற்குள் பின்னால் இருபது பேர் சேர்ந்துவிட்டார்கள். “இன்னா மைக்ரானு, அம்மா தலமாடு ஒனக்கா, கால்மாடு ஒனக்கா?” என்று ஒருவன் கேட்டான். “சிலுவைய யாரு எடுத்துக்கறது?” என்று இன்னொரு குரல். பெற்றவளின் கல்லறைக்குப் பாகம் கேட்டுக் கோர்ட்டுக்குப் போனவன் என்ற பேர் இனிமேல் தன்னைக் குழியில் இறக்கும்வரை கூட வரும் என்று ஸ்டீவனுக்குப் புரிந்தது. பூமி பிளந்து தன்னை விழுங்கிக்கொள்ளாதா என்று இருந்தது. போய்ச் சேர்ந்த இடத்தில் அதற்கு வசதியும் இருந்தது. நல்லவேளையாகக் கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை கல்லறைத் தோட்டத்துக் கதவருகே நின்று கூட்டத்தை வெளியிலேயே நிறுத்திவிட்டார்.

இந்த இடத்தில்தான் ஸ்டீவன் கை கழுவ எழுந்து போவான்.

கல்லறையை அளந்தார்கள். ஏழடி இரண்டு அங்குலம், மூன்றடி ஒரு அங்குலம். ஸ்டீவன் எழுதியது நூல் பிசகவில்லை. ரிப்போர்ட்டில் அடையாளம் எழுதுவதற்காக ஹேமாவதி தலைமாட்டில் பதித்திருந்த கருங்கல்லை வாய்விட்டுப் படித்தார்.

“முத்தம்மா ஜெயராஜ்... கர்த்தருக்குள் நித்திரை... அன்பு மகன் ஜெ. ஸ்டீவன், தர ஆய்வாளர்... மருமகள் பிரின்சி.” நிறுத்தினார். ஏஞ்சலினைத் திரும்பிப் பார்த்தார். “நீங்க இவங்க பொண்ணுதானே? உங்க பேரு இதுல இல்லியே?”

“கல்லுல எடம் பத்தல மேடம்” என்றான் ஸ்டீவன்.

அதை அவன் பொய்யாகச் சொல்லவில்லை. கல்வெட்டுக்காரரிடம் வாசகம் எழுதிக் கொடுத்த நாளில் அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான், கேட்டவர்களுக்கும் சொன்னான், பிறகு அதை மறந்தும் போனான். ஆனால் சொல்லி முடிக்கும்போது அவன் கண் கல்லின் மேல் இருந்தது. அளக்காதே என்றால் கேட்கிற கண்ணா அது. ‘தர ஆய்வாளர்’ ஒன்பது அங்குலம் பிடித்திருந்தது. ‘ஏஞ்சலின்’ என்று எழுத ஆறரை அங்குலம் போதும். இடம் இருந்திருக்கிறது. தங்கச்சி பேர் வர வேண்டிய இடத்தில் தன் உத்தியோகத்தை ஏற்றி வைத்திருக்கிறான். இந்தக் கல்லைப் பதித்தது எந்த நாள் என்றும் ஞாபகம் வந்தது. வருஷப் பூசை அன்று. பாதர் மந்திரிக்கும்போது ஏஞ்சலின் மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு இதே கல்லுக்கு முன்னால்தான் நின்றாள். அன்றிலிருந்துதான் அவள் பேசவில்லை. ஐந்து வருஷத்துக்கு மேலாக அவன் பாத்ரூமையும் மோட்டாரையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தான். தன் கண்ணைக் கொண்டு தன்னைப் பார்த்தால் ரிஜெக்ட் பெட்டியில்தான் போட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது.

ஹேமாவதிக்கு இன்னொன்று புரியவில்லை.

“ஏஞ்சலின் மேடம், இந்த அயிட்டத்த நீங்களாவது ஆட்சேபிச்சிருக்கலாமே. உங்க வக்கீல் சொல்லலையா?”

“சொன்னாரு மேடம். படிச்சிட்டு சிரிசிரின்னு சிரிச்சாரு. ஒரே கோட்டுல அடிச்சிடலாம்னாரு. நான்தான் அடிக்காதீங்கன்னுட்டேன்.”

“ஏன்?”

“அதுல எழுதிக்கீதே மேடம். எனக்கும் என் தங்கை ஏஞ்சலினுக்கும் சமமாகப் பொதுன்னு. கீழ அண்ணன் கையெழுத்து கீது. அம்மாவ நாலு வருஷம் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, ஆஸ்பத்திரில நாலு மாசம் தரையில படுத்து எழுந்தவ நானு. அதுக்கு நான் பொண்ணுதான்னு எங்க எழுதி வெச்சிக்கீறாங்க? கல்லுல இல்ல. அந்தக் காயிதத்துல இருந்துச்சு. அத எப்பிடி அடிக்கச் சொல்லுவேன்?”

பிறகு அண்ணனைப் பார்த்தாள். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நேராக அவனிடம் பேசினாள்.

“நீ கேஸு போட்டியே, அதுல எனக்குக் கோவமே வரலண்ணா. இத்தினி வருசத்துல நீ எனக்குச் செஞ்ச ஒரே நல்லது அந்த மூணாவது அயிட்டம்தான்.”

ஸ்டீவன் பக்கத்தில் இருந்த சூசையம்மாள் கல்லறையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். உலகமே சிரித்த தன் முட்டாள்தனம் ஒன்றுதான் தங்கச்சிக்குத் தான் செய்த உபகாரம் என்றால், யோசித்துச் செய்ததெல்லாம் என்ன?

“ஏஞ்சலு, நாளைக்கே ஆளக் கூட்டியாந்து அந்த எழுத்த செதுக்கி எடுத்துடறேன். அங்க உம் பேரப் போட்டுடலாம்.”

“எந்த எழுத்த?”

“அதான்... அந்தத் தர ஆய்வாளர.”

“வேணாம்.”

“இல்ல, எடம் சரியா இருக்கும். நான் பாத்துட்டேன்.”

“அழிக்காதண்ணா. அம்மா ஆஸ்பத்திரில அதத்தான் சொல்லிக்கினு இருந்துச்சு. ஊசி போட வர்ற நர்சம்மா, பக்கத்து பெட்டுக்காரங்க, தரை தொடைக்கிற அக்கா, ஒருத்தர வுடாது. எம் புள்ள தர ஆய்வாளரு, அவன் பாத்து சரின்னு சொன்னாத்தான் சரக்கு லாரி ஏறும்னு. நீ ஞாயித்துக்கெழம வர்றேன்னுட்டு வராத அன்னிக்கெல்லாம் இன்னும் சத்தமா சொல்லும்.”

அந்த ஞாயிற்றுக்கிழமைகள் ஸ்டீவனுக்குத் தெரியும். ஓவர்டைம் இருந்த ஞாயிறும் உண்டு, இல்லாத ஞாயிறும் உண்டு. அவன் அழுதான். நடுத்தர வயசு ஆம்பிளை, கையில் ஸ்டீல் டேப், முன்னால் கோர்ட் அனுப்பிய கமிஷனர், எதையும் பார்க்காமல் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதான். ஹேமாவதி சிலுவையின் உயரத்தை அளக்கிறவர் போல அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். பிரின்சி முந்தானையை நீட்டினாள்.

கொஞ்ச நேரம் பொறுத்து ஹேமாவதி திரும்பி வந்து, கடமையைக் கேட்டார்.

“வீட்டுக்கு என்ன எழுதறது? ரெண்டு பேரும் ஒத்துப்போனா ஏலம் தேவையில்ல. இல்லாட்டி பிரிக்க முடியாதுன்னுதான் எழுதணும்.”

ஸ்டீவன் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தான். கேட்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று இருந்தான். ஏஞ்சலின்தான் சொன்னாள்.

“ஏலமெல்லாம் வேணாம் மேடம். கீழ் ஊடு எனக்கு, மாடி அவருக்கு. படியும் தண்ணியும் பொது. எனக்கு முட்டி வலி, படி ஏற முடியாது.”

“மாடில ஷீட்டு போட்ட ஒரே ரூமுதானே கீது ஏஞ்சலு” என்றாள் பிரின்சி. “வெயில்ல வெந்துபூடுவோமே.”

“கட்டிக்கட்டும் அண்ணி. அவருக்குத்தான் அளவெல்லாம் தெரியுமே. கட்டி முடிக்கிற வரைக்கும் கீழயே இருங்க, நான் இன்னா தொரத்தவா போறேன்?”

தெற்குப் பக்கம் வேண்டும், மாடிப்படி தனக்கே வேண்டும் என்று கேஸ் போட்டவனுக்குக் கிடைத்தது மொட்டை மாடி. ஸ்டீவன் தலையை ஆட்டினான். அவ்வளவு வேகமாக அவன் எதற்கும் ஓக்கே சொன்னதில்லை. யாரும் எழுந்து போ என்று சொல்ல முடியாத கூரையைத் தேடினவனுக்குக் கூரையே அவன்தான் போட வேண்டும் என்று தீர்ப்பு என்று இப்போது சொல்லிக்கொள்வான்.

ஜூன் மாதம் சமரசம் எழுதிக் கையெழுத்தானது. சுப்பராயன் வக்கீல் நடுப்பக்கத்தை அன்றைக்குத்தான் முதல் முதலாகப் படித்தார். தலையில் அடித்துக்கொண்டு மூன்றாவது அயிட்டத்தை நீக்கிவிடலாம் என்றார். அண்ணனும் தங்கையும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றார்கள். சட்டப்படி அது உங்கள் சொத்தே இல்லை, கோயிலுடைய இடம் என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கடைசியில் சலித்துப்போய், ‘பிரிக்க வேண்டியதில்லை, இருவருக்கும் பொது’ என்று எழுதினார். அதற்காக அண்ணனும் தங்கையும் கொஞ்சிக் குலாவவில்லை. மறு வாரமே, மாடி வேலைக்கு மணல் கொட்டி வாசலை அடைத்துவிட்டான் என்று ஏஞ்சலின் காலனிக்கே கேட்கும்படி கத்தினாள். ஆனால் அவனிடமே நேராகக் கத்தினாள். பிரின்சிக்கு வேலை குறைந்தது.

மாடி வேலை பாதியில் இருக்கும்போதே ஸ்டீவன் கவரைப்பேட்டை ரோட்டோரம் இருக்கும் கல்வெட்டுக்காரரிடம் போனான். பழைய கல்லில் எதையும் அழிக்கக் கூடாது, இடமும் இல்லை. அதனால் கொஞ்சம் பெரிய கல்லாகப் பார்த்து, அதே வாசகத்தை முழுதாகப் போட்டு, கூட ஒரு வரி சேர்க்கச் சொன்னான். கல்வெட்டுக்காரர் காகிதத்தில் குறித்துக்கொண்டே கேட்டார்.

“உங்க பேரோட உத்தியோகம் போட்டுக்கீறீங்க. தங்கச்சிக்கு இன்னா போடணும்?”

நியாயமான கேள்வி. தங்கச்சிக்கும் தன் அளவுக்கு ஒன்று வேண்டும் என்று ஸ்டீவனுக்கு ஆசை. கம்பெனியில் அவளை அதற்கு முந்தைய வருஷம் பேக்கிங் சூப்பர்வைசர் ஆக்கியிருந்தார்கள். ஃபோன் போட்டான். எடுத்தாள், பின்னால் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

“ஏஞ்சலு, கல்லுல உம் பேரோட இன்னா போடச் சொல்லட்டும்? பேக்கிங் சூப்பர்வைசர்னு போட்டுடவா? எடம் தாராளமா கீது.”

அவள் எழுந்து வெளியே வந்தாள் போலிருக்கிறது. மிஷின் சத்தம் குறைந்தது.

“மகள்னு போடச் சொல்லுண்ணா” என்றாள். “அது ஒண்ணு போதும்.”

கல்வெட்டுக்காரர் பென்சிலோடு காத்திருந்தார். ஸ்டீவன் பென்சிலுக்குக் கை நீட்டினான். காகிதத்தை வாங்கி அவனே எழுதிக் கொடுத்தான்.